விலைபோகாத விசுவாசம்

பகவத்கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை எண்ணிச் சொல்லத் தொடங்கும்போது அச்சமின்மையையே முதலில் வைக்கிறது. மனத்தூய்மை, ஞானத்தில் நிலைபெறுதல், ஈகை, புலனடக்கம் முதலியவை அதன் பின்னரே வருகின்றன. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அச்சம் குடியிருக்கும் உள்ளத்தில் வேறெந்த நற்பண்பும் நெடுநாள் தங்குவதில்லை. உண்மை பேச வேண்டும் என்று ஒருவன் உறுதி கொள்கிறான்; தன் வாழ்வையும் வேலையையும் கையில் வைத்திருக்கும் ஓர் அதிகாரியின் முகத்தைக் கண்டதும் அவனுக்கு நா எழுவதில்லை.

அதிகாரத்தின் முன் பக்தன் சந்திக்கும் சோதனைகள் இரு வகைப்பட்டவை. ஒன்று வெளிப்படையானது. இரணியன் நேரடியாக மிரட்டினான். பிரகலாதன் நேரடியாக மறுத்தான். எதிரி யார், எதைக் கேட்கிறான் என்பதில் அங்கே ஐயமே இல்லை. மற்றொரு சோதனை நுட்பமானது. அங்கே அதிகாரி வாளை உருவுவதில்லை; இறைவனை மறுக்கும்படி கேட்பதுமில்லை. இன்முகத்தோடு அழைக்கிறான், ஆன்மிகம் கூடப் பேசுகிறான். அவன் எதிர்பார்ப்பது சிறிது பணம் அல்லது சிறிது முகத்துதி மட்டுமே. அதைக் கொடுத்துவிட்டால் கதவு திறந்துவிடும். இந்த இரண்டாவது சோதனையில் உறுதியாக நிற்பது எப்படி என்பதற்குப் புனித பவுலின் வாழ்க்கையில் ஈராண்டுக் காலம் சிறந்த பாடமாக அமைந்திருக்கிறது.

எருசலேமிலிருந்து செசரியாவுக்கு

இயேசுநாதரின் சீடர்களைத் துன்புறுத்தி வந்த பவுல், தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் பெற்ற தெய்வ தரிசனத்தால் மாறியவர். ஏறத்தாழ கி.பி. 57இல், ஏழைகளுக்கென்று பல ஊர்ச் சபைகளில் திரட்டிய உதவியை எடுத்துக்கொண்டு அவர் எருசலேம் வந்தார். ஆலயத்தின் உட்பகுதிக்குள் யூதரல்லாத ஒருவரை அவர் அழைத்துச் சென்றுவிட்டார் என்ற பொய்யான வதந்தி பரவியது. அது எளிய குற்றச்சாட்டு அன்று. அயலார் அவ்வெல்லையைத் தாண்டினால் மரணத்துக்குத் தாமே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. கூட்டம் பவுலை அடித்தே கொன்றிருக்கும். ரோமானியப் படைத் தலைவன் கிளவுதியு லீசியா வீரர்களோடு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

இதன்பின் நிகழ்ந்தவற்றை விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் விரிவாகக் கூறுகிறது. பவுலைக் கொல்லும்வரை உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை என்று 40 பேருக்கு மேல் சபதம் செய்தனர். பவுலின் சகோதரி மகன் இதை அறிந்து தகவல் தந்தான். லீசியா அன்றிரவே 200 காலாட்படையினர், 70 குதிரை வீரர்கள், 200 ஈட்டி வீரர்கள் ஆகியோரின் காவலில் பவுலை எருசலேமை விட்டு அனுப்பிவைத்தான். அவர்கள் அவரைக் கொண்டு சென்ற இடம் ஆளுநர் வாழ்ந்த கடற்கரை நகரமாகிய செசரியா.

இந்தப் பூசலை யூத சமயத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையே நடந்த போராகக் கருதுவது தவறு. பவுலும் யூதரே. தலைமைச் சங்கத்திலேயே பரிசேயர் சிலர் அவரிடம் குற்றம் இல்லை என்று எழுந்து பேசினர். இங்கே எதிர்நின்றது ஒரு சமயமோ மக்களினமோ அன்று. பதவியைக் காத்துக்கொள்ள முனைந்த ஒரு சிறு கூட்டத்தின் சுயநலமே.

ஆசனத்தில் அமர்ந்தவர்கள்

பவுலை விசாரித்த ஒவ்வோர் அதிகாரியும் ஏதோ ஒரு தளையால் கட்டுண்டிருந்தான் என்பது இவ்வரலாற்றைக் கூர்ந்து படிப்போருக்குப் புலப்படும்.

முதலாமவன் படைத் தலைவன் லீசியா. விசாரணை என்ற பெயரில் பவுலைச் சாட்டையால் அடிக்க ஆணையிட்டவன் அவன். பவுல் பிறப்பிலேயே ரோமானியக் குடிமகன் என்று அறிந்ததும் நடுங்கிப் போனான். குடிமகனைத் தீர்ப்பின்றி அடிப்பது சட்டவிரோதம். ஆயினும் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், குடிமகன் என்று அறிந்தே தான் காப்பாற்றியதாக அவன் குறிப்பிட்டான். சாட்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் கெட்டவன் அல்லன்; பவுலின் உயிரைக் காத்தவனும் அவனே. ஆனால் தன் நற்பெயருக்காக உண்மையைச் சற்றே வளைத்துக்கொண்டான்.

இரண்டாமவர் தலைமை ஆசாரியர் அனனியா. சங்கத்தில் பவுல் தம் மனச்சான்று தூயது என்று சொன்ன அளவிலேயே, அவரை வாயில் அடிக்கும்படி கட்டளையிட்டவர். எளிய குருமார்களுக்குச் சேர வேண்டிய தானியப் பங்கை அவருடைய ஆட்கள் களத்திலேயே பலவந்தமாக அள்ளிச் சென்றனர் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார்.

மூன்றாமவன் ஆளுநர் பேலிக்ஸ். அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்று உயர்ந்தவன். அவனுடைய சகோதரன் பல்லாஸ், பேரரசர் கிளவுதியுவின் கருவூலத்தை நிர்வகித்தவன். அத்தகைய பின்பலம் இருக்கும்வரை எந்தக் குற்றம் செய்தாலும் தண்டனை வராது என்று பேலிக்ஸ் எண்ணியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கூறுகிறார். தன்னைக் கண்டித்து வந்த யோனத்தான் என்ற தலைமை ஆசாரியரை ஆள் வைத்துக் கொல்வித்தான் என்கிறார் யோசேபஸ். அவனுடைய மனைவி துருசில்லாள் அரச குலத்தவள். எமேசா நாட்டு மன்னனின் மனைவியாக இருந்தவளை ஆசைகாட்டிப் பிரித்துத் தனக்கு மனைவியாக்கிக் கொண்டவன் பேலிக்ஸ்.

நான்காமவன் அவனுக்குப்பின் வந்த ஆளுநர் பெஸ்து. பேலிக்ஸைவிட நேர்மையானவன், சுறுசுறுப்பானவன். ஆனால் புதிதாகப் பதவியேற்றவன். எருசலேம் தலைவர்களின் நல்லெண்ணம் அவனுக்குத் தேவைப்பட்டது.

பொய், பேராசை, காமம், ஆதரவு தேடும் பலவீனம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆசனத்தில் அமர்ந்திருந்தது. கைகளில் சங்கிலி பூண்டு நின்றவரோ ஒருவர்தாம்.

ஆளுநருக்குச் சொன்ன மூன்று செய்திகள்

செசரியாவில் முதல் விசாரணை நடந்தபோது, எதிர்த்தரப்பின் வழக்குரைஞன் தெர்த்துல்லு பேலிக்ஸை வானளாவப் புகழ்ந்து தொடங்கினான். நாட்டில் அமைதி நிலவுவதும் சீர்திருத்தங்கள் பெருகுவதும் அவனால்தான் என்றான். கேட்டவர் அனைவருக்கும் அது பொய் என்று தெரியும். அடுத்துப் பேச எழுந்த பவுல், ஆளுநர் பல ஆண்டுகளாக அந்நாட்டில் நீதி விசாரித்து வருபவர் என்ற ஓர் உண்மையை மட்டும் மரியாதையோடு கூறித் தம் தரப்பைத் தொடங்கினார். இகழவில்லை, பொய்யாகப் புகழவுமில்லை. தம் மக்களுக்கு உதவி கொண்டுவந்ததையும், இறைவன் முன்னும் மனிதர் முன்னும் குற்றமற்ற மனச்சான்றோடு வாழத் தாம் முயல்வதையும் சொன்னார். பேலிக்ஸ் தீர்ப்பு வழங்காமல் ஒத்திவைத்தான். நண்பர்கள் வந்து உதவத் தடையில்லாத எளிய காவலில் பவுல் வைக்கப்பட்டார்.

சில நாட்களுக்குப்பின் பேலிக்ஸ் துருசில்லாளோடு வந்து, இயேசுவின்மீது கொள்ளும் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்படி பவுலை அழைத்தான். ஒரு கைதிக்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு அமையாது. அன்பைப் பற்றியும் ஆறுதலைப் பற்றியும் இனிமையாகப் பேசி ஆளுநரின் மனத்தைக் குளிரவைத்திருக்கலாம். அவை பவுலின் உபதேசத்தில் உள்ளவைதாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் மூன்று: நீதி, தன்னடக்கம், வரவிருக்கும் இறைத்தீர்ப்பு.

நீதியை விலைபேசிய நீதிபதிக்கு நீதி. பிறன்மனை கவர்ந்தவனுக்குத் தன்னடக்கம். தனக்குத் தண்டனையே வராது என்று இறுமாந்திருந்தவனுக்கு இறைத்தீர்ப்பு. நல்ல மருத்துவர் நோய் உள்ள இடத்திலேயே கை வைப்பதைப் போல, பவுல் அவனுக்குத் தேவையானதைச் சொன்னார். துருசில்லாளின் பெயரை எடுத்து அவமானப்படுத்தவில்லை. அவனுடைய குற்றங்களைப் பட்டியலிடவுமில்லை. தத்துவத்தை மட்டுமே விளக்கினார். அதுவே போதுமானதாக இருந்தது. பேலிக்ஸ் அஞ்சினான். இப்போது போகலாம், வசதியான வேளையில் மீண்டும் அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டான்.

ஆசனத்தில் இருந்தவன் நடுங்கினான். சங்கிலியில் இருந்தவர் அமைதியாக இருந்தார். யார் உண்மையில் கட்டுண்டவர் என்பதை அந்த ஒரு கணம் காட்டிவிட்டது.

கொடுக்கப்படாத பணம்

பேலிக்ஸ் சொன்னபடியே பவுலைப் பலமுறை அழைத்தான், பலமுறை உரையாடினான். காரணம் ஆன்ம தாகம் மட்டுமன்று. பவுல் தனக்குப் பணம் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பும் அவனுக்கு இருந்தது. ஊர்தோறும் நண்பர்களைக் கொண்டவர், பெருந்தொகை திரட்டி எருசலேமுக்குக் கொண்டுவந்தவர் என்பதை அவன் விசாரணையிலேயே கேட்டிருந்தான். அதிகாரிகள் இப்படிப் பணம் பெறுவதை ரோமானியச் சட்டம் தடுத்தே இருந்தது, கி.மு. 59இல் ஜூலியஸ் சீசரே இதற்கெனக் கடுமையான சட்டம் கொண்டுவந்திருந்தார். சட்டம் ஏட்டில் இருந்தது. ஆளுநரின் கை நீண்டே இருந்தது.

இவ்விடத்தில் நம் மனத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. பவுல் குற்றமற்றவர். ரோமுக்குச் செல்ல வேண்டும், அதற்கப்பாலும் ஸ்பெயின்வரை இறைச்செய்தியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற பேராவல் அவருக்கு இருந்தது. சபைகள் அவருக்காகக் காத்திருந்தன. நண்பர்கள் ஒரு தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டால் ஒரு மாதத்தில் வெளியே வந்து நற்பணி செய்யலாம். நியாயமாகக் கிடைக்க வேண்டிய விடுதலையைச் சிறிது பணம் கொடுத்து விரைவில் பெறுவதில் என்ன தவறு? இயேசுவை மறுக்கும்படி பேலிக்ஸ் ஒருபோதும் கேட்கவில்லையே!

சாதகனை மயக்கும் வினா இது. நாமும் அலுவலகங்களின் வாயிலில் நிற்கும்போது இதே வினா வேறு சொற்களில் நமக்குள் எழுகிறது: காரியம் நல்லது, உரிமை நம்முடையது, கொடுப்பது சிறு தொகை.

விடை பவுல் பேசிய மூன்று பொருள்களிலேயே இருக்கிறது. இன்று நீதியையும் இறைத்தீர்ப்பையும் பற்றிப் பேசிவிட்டு, நாளை அதே மனிதனின் கையில் பணத்தை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொன்ன சொற்களெல்லாம் வெறும் ஓசையாகியிருக்கும். நீதி விலைக்குக் கிடைக்கும் பொருள் என்பதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தப் பணம் பேலிக்ஸின் மனத்தில் எழுந்த நடுக்கத்தையும் அணைத்திருக்கும். அவனுக்குள் ஒருமுறை விழித்துக்கொண்ட மனச்சான்று மீண்டும் நிம்மதியாக உறங்கிப் போயிருக்கும். வாயால் மறுப்பது மட்டுமே மறுப்பு அன்று. வாய் உபதேசித்ததைக் கை மறுப்பதும் மறுப்பே.

பவுல் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கடந்தன. நாடு நாடாகக் கடல் கடந்து திரிந்த ஒரு மனிதர், அலையோசை கேட்கும் நகரத்தில் ஒரே காவலில் எழுநூறுக்கு மேற்பட்ட பகல்களைக் கழித்தார். அதிசயம் எதுவும் நிகழ்ந்ததாக நூல் கூறவில்லை. சிறைக்கதவுகள் தாமாகத் திறக்கவுமில்லை. செசரியாவுக்குக் கொண்டுவரப்படுவதற்கு முன்பு ஓரிரவு இறைவன் தம் அருகில் நின்று, திடமாயிரு, ரோமிலும் சான்று பகர்வாய் என்ற பொருளில் உறுதி கூறியதை அவர் மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கைப் பற்றிக்கொண்டு அவர் காத்திருந்தார். ஒருநாள் துணிவாக நிற்பது வீரம். எழுநூறு நாட்கள் அதே துணிவோடு இருப்பதுதான் நிஷ்டை.

இறுதியில் பேலிக்ஸ் பதவி இழந்து ரோமுக்குத் திரும்பினான். போகும்போதும் பவுலை விடுவிக்கவில்லை. எருசலேம் தலைவர்களுக்கு நல்லவனாகத் தோன்றுவதற்காகக் காவலிலேயே விட்டுச் சென்றான். அப்போதும் செசரியாவின் யூதர்கள் அவன்மீது பேரரசரிடம் முறையிட்டனர். சகோதரனின் செல்வாக்கால் மட்டுமே தண்டனையிலிருந்து தப்பினான் என்கிறார் யோசேபஸ். எவரை மகிழ்விக்க நீதியை விற்றானோ அவர்களும் அவனிடம் மகிழவில்லை.

சீறுதல் வேறு, கடித்தல் வேறு

உறுதி என்பதைப் பிடிவாதம் என்றோ, துன்பத்தை வலியத் தேடுவது என்றோ பொருள் கொள்ளக் கூடாது. ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்லும் பாம்புக் கதை இங்கே நினைவுகூரத் தக்கது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்று ஒரு பிரம்மசாரி பாம்புக்கு உபதேசித்தார். அது சாதுவாகிவிட்டதைக் கண்ட சிறுவர்கள் அதை அடித்துக் குற்றுயிராக்கினர். திரும்பி வந்த பிரம்மசாரி, கடிக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன், சீற வேண்டாம் என்றா சொன்னேன் என்று அதைக் கடிந்துகொண்டார்.

பவுல் சீறத் தெரிந்தவர். சாட்டையடிக்குக் கட்டியபோது தம் குடியுரிமையைச் சொன்னார். கொலைச் சதி பற்றிய தகவலைப் படைத் தலைவனிடம் சேர்ப்பித்தார். பெஸ்து அவரை மீண்டும் எருசலேமுக்கு அனுப்ப நினைத்தபோது, அங்கே வழியிலேயே கொலை காத்திருந்தது. தாம் மரணத்துக்குரிய குற்றம் செய்திருந்தால் சாவதற்குத் தயங்கவில்லை என்று தெளிவுபடுத்திய பவுல், குற்றம் இல்லாத நிலையில் தம்மைப் பிறருக்குக் காணிக்கையாக ஒப்படைக்க யாருக்கும் உரிமையில்லை என்றார். பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். அது ரோமானியக் குடிமகனின் சட்டப்படியான உரிமை. சட்டம் தந்த வாயில்கள் அனைத்தையும் அவர் தட்டினார். சட்டத்துக்குப் புறம்பான வாயிலை மட்டும் தொடவில்லை.

அவரும் ஒருமுறை தடுமாறினார் என்பதை நூல் மறைக்கவில்லை. வாயில் அடிக்கச் சொன்ன அனனியாவை, வெள்ளையடித்த சுவருக்கு ஒப்பிட்டுக் கோபத்தோடு பேசினார். அவர் தலைமை ஆசாரியர் என்று அருகிலிருந்தோர் சொன்னதும், தலைவனை நிந்திக்கலாகாது என்ற சாத்திர விதியைத் தாமே எடுத்துக்கூறித் தணிந்தார். ஆசனத்தில் இருப்பவர் தகுதியற்றவராக இருந்தாலும் ஆசனத்துக்குரிய மரியாதையை அவர் குறைக்கவில்லை. மனிதனை வெறுக்காமல் அவனுடைய அநீதிக்கு உடன்படாமல் இருப்பது கத்தியின் கூர்முனையில் நடப்பது போன்றது. மகான்களும் அதைப் பழகியே கற்கிறார்கள்.

சங்கிலி நீங்கலாக

மேல்முறையீடு செய்தவரைப் பற்றிப் பேரரசருக்கு என்ன எழுதுவது என்று பெஸ்துவுக்குத் தெரியவில்லை. குற்றம் எதுவும் புலப்படவில்லை. அச்சமயம் மன்னன் இரண்டாம் அகிரிப்பா தன் சகோதரி பெர்னீக்கேயாளோடு செசரியா வந்தான். பின்னர் ஒருநாள் படைத் தலைவர்களும் நகரப் பெருமக்களும் சூழ, மிகுந்த ஆடம்பரத்தோடு அவை கூடியது. பவுல் தம் வாழ்க்கையைச் சொன்னார், தரிசனத்தைச் சொன்னார். கல்வி மிகுதியால் உமக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றான் பெஸ்து. சற்று நேரத்தில் என்னையும் கிறிஸ்தவனாக்கிவிடுவாய் போலிருக்கிறதே என்று நகைத்தான் அகிரிப்பா.

அதற்குப் பவுல் தந்த விடையில் அவருடைய உள்ளம் முழுவதும் வெளிப்படுகிறது. மன்னர் மட்டுமன்று, அங்கே கேட்டுக்கொண்டிருந்த எல்லோருமே தம்மைப் போல ஆக வேண்டும் என்பதே தம் வேண்டுதல் என்றார். இந்தச் சங்கிலிகள் மட்டும் நீங்கலாக என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அநியாயமாகக் கட்டுண்டிருந்தவர், கட்டியவர்களுக்குச் சங்கிலி வேண்டாம் என்கிறார். தம்மிடம் இருந்த ஆனந்தம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறார். உறுதியில் வெறுப்பு கலந்திருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்காது. ஒருவருடைய உறுதி இறைவனிடமிருந்து வந்ததா, அகங்காரத்திலிருந்து வந்ததா என்பதை அறிய இதுவே உரைகல்.

அவை கலைந்தபின், இவர் மேல்முறையீடு செய்யாதிருந்தால் விடுவித்திருக்கலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டனர். காலம் கடந்த நேர்மை அது. பவுல் கைதியாகவே ரோமுக்குப் புறப்பட்டார். இறைவன் காட்டிய ஊருக்கே அவர் சென்றார். பேலிக்ஸின் சாவியால் திறக்காத கதவு வேறு வழியில் திறந்தது. பிற்காலத்தில் நீரோ மன்னனின் ஆட்சியில் அவர் உயிர்த்தியாகம் செய்தார் என்பது கிறிஸ்தவ மரபு.

நமக்குரிய பாடம்

1886 டிசம்பர் 24 இரவு, வங்காளத்தின் ஆன்ட்பூர் கிராமத்தில் நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் துனித்தீயின் முன் அமர்ந்து இயேசுநாதரின் வாழ்வையும், பவுல் முதலானோர் அவருடைய செய்தியைப் பரப்பிய வரலாற்றையும் எண்ணி உருகினர். உலகைத் துறப்பதாக உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு என்பது அவர்களுக்குப் பின்னரே தெரியவந்தது. துறவின் பொருள்களுள் ஒன்று விலைக்கு அகப்படாமை. பெற வேண்டியது எதுவும் இல்லாதவனை எந்த அதிகாரியும் வாங்க முடியாது. இல்லறத்தாரும் தத்தம் நிலையில் இந்த அகத்துறவைப் பயில முடியும்.

அதிகாரத்தின் முன் நிற்க நேரும்போது பவுலின் வழி மூன்று வினாக்களை நம் கையில் தருகிறது. சட்டமும் நேர்மையும் அனுமதிக்கும் எல்லா வழிகளையும் முயன்றோமா? நம் சொல்லும் கையும் ஒன்றாக இருக்கின்றனவா? எதிரில் இருப்பவரின் நன்மையையும் நாம் விரும்புகிறோமா? முதலாவது சோம்பலிலிருந்தும், இரண்டாவது பொய்யிலிருந்தும், மூன்றாவது வெறுப்பிலிருந்தும் நம்மைக் காக்கும்.

செசரியா இன்று இடிபாடுகளாகக் கிடக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் பைசாந்தியப் பேரரசின் காலத்து அரசு அலுவலகம் ஒன்றின் தளம் வெளிப்பட்டது. வரி தொடர்பான ஆவணங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன என்று கருதுகின்றனர். அந்தத் தளத்தில் வண்ணக் கற்களைப் பதித்து ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரத்துக்கு அஞ்சாமல் இருக்க விரும்புகிறவன் நன்மையைச் செய்யட்டும் என்ற கருத்துடையது அது. கைதாவதற்குச் சிறிது காலம் முன்பு ரோமானியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் எழுதிய வாசகமே அது.

பேலிக்ஸ் அவரைக் காவலில் வைத்திருந்த அதே நகரம். பணம் எதிர்பார்த்த கை நீண்ட அதே நகரம். சில நூற்றாண்டுகளுக்குப்பின் அரசு அலுவலகத்தின் தரையிலேயே கைதியின் சொல் பதிக்கப்பட்டது. பேலிக்ஸின் பெயரை இன்று பலர் அறிந்திருப்பதும், தான் விலைபேச முயன்ற அந்தக் கைதியால்தான்.